மார்த்லீஸ் போடாத சிவப்பு

வசந்தம் பிறந்து ஓவியர் எவால்ட் ப்ரிங்மன் ஹெஸ்ஸன் நாட்டுக் கிராமமான லோர்ஹவுசனில் வந்து இறங்கினால், விடுதிக்காரி டோர்லீஸ் முற்றத்துக்கே ஓடிவந்து அவர் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கிக்கொள்வாள். வருஷா வருஷம் நடக்கிற கூத்து அது. இந்தத் தடவை அவளைக் காணோம். பெட்டியையும் வண்ணப் பெட்டியையும் படம் நிறுத்துகிற முக்காலியையும் தானே சுமந்துகொண்டு உள்ளே போனார்.

சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருத்தன் பக்கத்திலிருந்தவன் காதில் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் பீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்கள்.

டோர்லீஸ் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். "வாங்க ராசா. போன வருஷம் ஒருத்தி மானத்தை வாங்கினது போதாதா? இந்த வருஷம் யாரை வரையறதா உத்தேசம்?"

ப்ரிங்மனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் சுவரைக் காட்டினாள். புது வருஷக் காலண்டர் தொங்கியது. பாதி அட்டையை அடைத்துக்கொண்டு வண்ணப்படம்: ஆப்பிள் மரத்தடியில், தூங்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் இளம்பெண். கீழே, 'லோர்ஹவுசன் தாய். ஓவியம்: எ. ப்ரிங்மன், டூசல்டார்ஃப்.' அந்தப் பக்கத்துப் பண்ணைவீடுகளில் எல்லாம் அந்தக் காலண்டர்தான். படத்துப் பெண்ணின் கொண்டைமேல் இருந்த சின்னக் குல்லாய் செக்கச்செவேலென்று எரிந்தது. போகிறவன் வருகிறவன் எல்லாம் விரல் வைத்து வைத்து அந்த இடம் மட்டும் அழுக்கேறிக் கிடந்தது.

அவர் சுமந்திருந்த பெட்டிகளைக் கீழே வைத்தார்.

லோர்ஹவுசனில் ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்க வாயைத் திறக்கவே வேண்டாம், தலையைப் பார்த்தால் போதும். கல்யாணமாகாதவளுக்குச் சிவப்புக் குல்லாய். மோதிரம் மாற்றிய மறுநாள் சிவப்பு பெட்டிக்குள் போய்விடும், பச்சை வந்துவிடும். வயசு ஏற ஏற நீலம், ஊதா, கடைசியில் கறுப்பு. குல்லாயின் நிறம்தான் பாவாடைக் கரைக்கும், காலுறை கட்டும் நாடாவுக்கும். படத்தில் இருப்பவள் யோஸ்டின் மனைவி மார்த்லீஸ். அவள் பச்சைக்காரி. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு சிவப்பைத் தலையில் சூடினால் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான்: ஒழுக்கம் கெட்டவள்.

ப்ரிங்மன் இதெல்லாம் தெரியாதவர் அல்ல. கோளாறே அங்கேதான்.

போன கோடையில் மார்த்லீஸ் பச்சைக் குல்லாயோடுதான் உட்கார்ந்தாள். அதை அவர் பச்சையாகத்தான் தீட்டினார். இலைகளின் பச்சைக்குள் அது கரைந்துபோனது. முகம், கைகள், குழந்தையின் கன்னம் எல்லாம் நன்றாக வந்தும் படம் மட்டும் பிணமாகக் கிடந்தது. ஒரு மத்தியானம் ஆத்திரத்தில் தூரிகையைச் சிவப்பில் தோய்த்துக் குல்லாயின் மேல் வைத்தார். படம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது.

மார்த்லீஸ் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள்.

"ஐயா, இது என்ன, செவப்பு?"

"அது சும்மா, பார்வைக்கு. ஊருக்குப் போனதும் மாத்திடுவேன்."

"மறந்துடாதீங்க. யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாங்க?"

சொன்னபோது அவர் உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் டூசல்டார்ஃபில் படத்தைப் பார்த்தவன் எல்லாம் அந்த ஒரு பொட்டுச் சிவப்பைத்தான் வாய் ஓயாமல் பேசினான். பதக்கம் கிடைத்தது. காலண்டர் அச்சகத்தார் தேடி வந்து அச்சடிக்கும் உரிமையை வாங்கிப் போனார்கள். மாற்றலாம், அடுத்த வாரம் மாற்றலாம் என்று தள்ளிப் போட்டார். அப்புறம் அந்த நினைப்பையே தள்ளிப் போட்டார். லோர்ஹவுசனுக்கு அந்தக் காலண்டர் போகும் என்பதை அவர் மனசு லாவகமாக மறந்துவிட்டது.

நடந்ததை டோர்லீஸ் கொட்டித் தீர்த்தாள். காலண்டர் வந்த அன்றைக்கே பேச்சு கிளம்பிவிட்டதாம். குளிர்காலம் பூரா, பெண்கள் கூடி நூல் நூற்ற இடத்தில் எல்லாம் இதே கதைதானாம். ஒரு ஓவியனுக்காகப் பெட்டியைத் திறந்து பழைய சிவப்பை எடுத்து மாட்டிக்கொண்டாளாம் யோஸ்டின் பெண்டாட்டி. புருஷன் வயலில் கிடக்க, இவள் தோப்பில் குமரி வேஷம் கட்டினாளாம். மார்த்லீஸ் இல்லை என்று சத்தியம் பண்ணிப் பார்த்தாள். நம்ப ஆளில்லை.

"ஏன் நம்பல?" என்றார் ப்ரிங்மன்.

"உங்களாலதான். மேல்சட்டையில எத்தனை பொத்தான்னு எண்ணி எண்ணிப் போடற மனுஷன், குல்லாயை மட்டுமா மாத்திப் போடுவாருன்னு கேக்கறாங்க. நானும்தான் கேட்டேன்."

டூசல்டார்ஃபில் நண்பர்கள் அவரைப் 'பொத்தான் ப்ரிங்மன்' என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டல்தான், ஆனால் அவருக்கு உள்ளூரப் பெருமை. குடும்பப் பத்திரிகைகளில் அவர் படம் வந்தால் உடையைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடலாம் என்பார்கள். லைப்சிக் பதிப்பாளர் ஓலன்டார்ஃப், ஹெஸ்ஸன் நாட்டு உடைகளைப் பற்றிய பெரிய புத்தகத்துக்கு இவரைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். இந்த வசந்தத்தில் இங்கே வந்திருப்பதே அந்த வேலையைத் தொடங்கத்தான். காபிகூடக் குடிக்காமல் யோஸ்டின் வீட்டுக்கு நடந்தார்.

யோஸ்ட் கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றான். உட்காரச் சொல்லவில்லை. போன கோடையில் இவருக்குத் தன் கையால் தொத்திறைச்சி நறுக்கி வைத்தவன். மார்த்லீஸ் சன்னலோரம் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். தலையில் பச்சை. இளைத்திருந்தாள். படத்தில் தூங்கிய குழந்தை இப்போது நடந்து வந்து அவர் கோட்டைப் பிடித்து இழுத்தது.

அவர் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். மார்த்லீஸ் பாதியில் நிறுத்தினாள். மன்னிப்பு இருக்கட்டும், வேறு காரியம் இருக்கிறது என்றாள். யோஸ்டின் தங்கை அன்லீஸுக்குப் பெண் பிறந்து சில நாள்தான் ஆகிறது. ஞானத்தாய் மார்த்லீஸ்தான் என்பது அன்லீஸின் கல்யாணத்தன்றே பேசி வைத்தது. ஞானத்தாய்தான் பிள்ளையைக் கோயிலுக்குத் தூக்கிப் போகவேண்டும், அவள் பெயரைத்தான் பிள்ளைக்கு வைப்பார்கள். ஆனால் அன்லீஸின் புருஷன் ஹென்னஸ் நேற்று ஆள் அனுப்பிவிட்டான். வேறு யாரையாவது பார்த்துக்கொள்கிறோம், தப்பாக நினைக்கவேண்டாம் என்று.

"என் பேர் அந்தப் புள்ளைக்கு ஆகாதாம்," என்றாள். கத்தி கிழங்கின் மேலேயே நின்றது. "ஊரு பேசினதைத் தாங்கிட்டேன். இது என் வீடு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவ பச்சைதான் போட்டிருந்தா, செவப்பு நான் வெச்சதுன்னு. வேற எதுவும் வேணாம்."

"சொல்றேன். இப்பவே வர்றேன்."

யோஸ்ட் அப்போதுதான் வாய் திறந்தான். "சொல்லிப் பாருங்க. என்கிட்ட சொல்ல வேண்டியதில்ல. அவ தலையில என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

ஹென்னஸின் வீட்டு முன்னறையில் காபி மணத்தது. பிள்ளை பார்க்க வந்தவர்களுக்காக சர்க்கரைப்பொடி தூவிய கேக்கை அறுத்து வைத்திருந்தார்கள். திரைக்குப் பின்னால் கட்டிலில் அன்லீஸ். மேஜையில் ஹென்னஸும் பாதிரியார் ஃபெனரும் உட்கார்ந்திருந்தார்கள். பாதிரியாரைக் கண்டதும் ப்ரிங்மனின் கால் வாசற்படியிலேயே தயங்கியது. ஓலன்டார்ஃபின் புத்தகத்துக்கு ஒவ்வொரு படத்தின் கீழும் குறிப்பு எழுதித் தருவது இந்த ஃபெனர்தான்.

"வாங்க, வாங்க! காலண்டர்க்காரர் வந்துட்டாரு," என்றான் ஹென்னஸ். "எங்கம்மாவைக்கூட ஒரு படம் போடுங்களேன். கறுப்புக் குல்லாய் போட்டுப் போட்டு அலுத்துப்போச்சாம், செவப்புல பாக்கணும்னு ஆசைப்படறாங்க."

பாதிரியார் சிரிக்கவில்லை. தானே கேட்கவேண்டும் என்று இருந்ததாகச் சொன்னார். அந்தப் படம் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் வருகிறதே, சிவப்பு எப்படி வந்தது? மார்த்லீஸ் போட்டிருந்தாளா, இல்லை ப்ரிங்மன் சொந்தமாக வைத்தாரா? இரண்டாவது என்றால் ஓலன்டார்ஃபுக்குச் சொல்லியாக வேண்டும் என்று அவர் மிக மரியாதையாகச் சொன்னார்.

வாசலருகே மார்த்லீஸும் யோஸ்டும் நின்றார்கள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். வழி நெடுக அதைத்தான் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"அச்சுக்காரங்க பண்ணின தப்பு. நிறம் கலக்கறவன் மாத்திட்டான். என் படத்துல பச்சைதான் இருக்கு."

எவ்வளவு சுலபமாக வந்தது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. பாதிரியாரின் நெற்றிச் சுருக்கம் விரிந்தது. ஹென்னஸ் மேஜையைத் தட்டினான். தான் அப்போதே சந்தேகப்பட்டதாகவும், பட்டணத்து அச்சகக்காரர்களுக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது என்றும் அளந்தான். திரைக்குப் பின்னாலிருந்து அன்லீஸின் குரல் கேட்டது.

"அண்ணி, அங்க ஏன் நிக்கறீங்க? கிட்ட வாங்க. புள்ளையைத் தூக்குங்க."

மார்த்லீஸ் அவரைப் பார்த்தாள். தோப்பில் அந்தச் சிவப்பைக் கண்ணால் கண்டவள். மாற்றிவிடுகிறேன் என்ற வாக்கைக் காதால் கேட்டவள். சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டு திரைக்குள் போனாள். தனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அது எப்படிக் கிடைத்தது என்பதை விழுங்கிக்கொண்டு போகிறாள் என்பது அந்தக் குனிவிலேயே தெரிந்தது. ப்ரிங்மன் கேக்கைக் கையில் வாங்கினார். கடிக்காமல் மேஜைமேல் வைத்தார்.

ஹென்னஸ் விடவில்லை. "அசல் படம் இப்ப எங்க?"

"காசெல்ல. வசந்தக் கண்காட்சிக்கு அனுப்பியிருக்கு. வெள்ளிக்கிழமை திறக்கறாங்க."

"வெள்ளிக்கிழமை நாங்க காசெல் சந்தைக்குப் போறோமே. பாத்துட்டே வந்துடலாம். டோர்லீஸையும் கூட்டிட்டுப் போனா ஊரு பூரா தண்டோரா போட்டுடுவா. ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானத்துக்குள்ள எல்லா வாயும் அடைச்சுடும். என்ன மச்சான்?"

யோஸ்ட், "போகலாம்," என்று மட்டும் சொன்னான். அவன் கண் ப்ரிங்மனை விட்டு நகரவில்லை. அச்சகத்துக்கு அன்றைக்கே தானே கண்டித்துத் தந்தி அடிப்பதாகப் பாதிரியார் சொன்னார்.

மறுநாள் வியாழக்கிழமை விடிந்ததும் ப்ரிங்மன் பக்கத்து ரயில் நிலையமான ட்ரைசாவில் காசெல் ரயிலைப் பிடித்தார். கண்காட்சி திறப்பதற்கு முந்தின நாள் ஓவியர்களுக்கென்று ஒதுக்கிய நாள். தொங்குகிற படத்துக்கு வார்னிஷ் பூசலாம், அங்கங்கே தொட்டுத் திருத்தலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். கூடம் முழுக்க ஏணிகள். சந்தைபோல் இரைச்சல். ஆளுக்கொரு தூரிகையோடு தொங்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்தவன் படத்தின் வெளிச்சத்தைத் திட்டியபடி தன் படத்தில் வெளிச்சம் கூட்டினார்கள். அவர் படம் கைக்கெட்டும் உயரத்திலேயே தொங்கியது. அவரும் ஒருவராகத் தூரிகையை எடுத்தார்.

பச்சையைக் குழைத்தார். மணிக்கட்டை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டார். ஒரு வருஷம் காய்ந்து இறுகியிருந்த சிவப்பின் மேல் பச்சை வழுக்கிக்கொண்டு ஏறியது. குல்லாயின் ஓரத்து நூல் வேலையைக்கூட விடாமல் அதே கவனத்தோடு தீட்டினார். பொய்க்கும் அவர் பொத்தான் எண்ணினார்.

முடித்துவிட்டுப் பின்னால் நகர்ந்துபோய்ப் பார்த்தார். குல்லாய் இலைக்குள் போய்விட்டது. படம் பழையபடி பிணமாகக் கிடந்தது. பக்கத்து ஏணிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்யா, நல்லாத்தானே இருந்துச்சு? உனக்குப் பைத்தியமா?" என்று கேட்டார். உடை சரியாக இருக்கவேண்டும் அல்லவா என்றார் ப்ரிங்மன். அந்த மனிதர் மெச்சுகிற மாதிரி தலையாட்டினார். அதுதான் தாங்கமுடியவில்லை. தூரிகையைக் கழுவும்போது முகத்தையும் கழுவவேண்டும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை ஓலன்டார்ஃப் லைப்சிக்கிலிருந்து வந்திருந்தார். வெள்ளிக் கைப்பிடிக் கம்பை ஊன்றியபடி படத்துக்கு முன்னால் நின்றவர், அச்சில் சிவப்பாகப் பார்த்த ஞாபகம் என்றார். அச்சகத்துத் தவறு என்றார் ப்ரிங்மன். இரண்டாவது தடவை சொல்லும்போது இன்னும் சுலபமாக வந்தது. நல்லவேளை, புத்தகத்துக்கு வேறு அச்சகம் பார்த்துக்கொள்வோம், உங்கள் கை தப்பாது என்று எனக்குத் தெரியும் என்று ஓலன்டார்ஃப் தோளில் தட்டினார். ப்ரிங்மன் அந்தக் கை எப்போது விலகும் என்று காத்திருந்தார்.

மத்தியானம் கூடத்தில் ஒரு சலசலப்பு. லோர்ஹவுசன்காரர்கள் வந்துவிட்டார்கள். அடுக்கடுக்கான குட்டைப் பாவாடையும் வெள்ளைக் காலுறையுமாக மார்த்லீஸும், நீலக் குல்லாயோடு டோர்லீஸும், முழங்கால்வரை காலணி போட்ட யோஸ்டும் ஹென்னஸும். பட்டணத்து ஜனங்கள் படங்களை விட்டுவிட்டு இவர்களை வேடிக்கை பார்த்தார்கள். ஒரு சீமாட்டி, எந்த நாடகக் கம்பெனி என்று மார்த்லீஸைக் கேட்டாள். எங்க ஊர்ல தினமும் இந்த நாடகம்தான் என்று டோர்லீஸ் பதில் சொன்னாள்.

நாலு பேரும் படத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"பச்சை," என்றான் ஹென்னஸ்.

"பச்சைதான்," என்று டோர்லீஸ் ஒப்புக்கொண்டாள். "என் வாயை நானே மென்னு தின்ன வேண்டியதுதான். மார்த்லீஸ், ஏதாச்சும் பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதே. நிறையவே பேசியிருக்கேன்."

மார்த்லீஸ் படத்துக்கு இன்னும் அருகே போனாள். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததில், மற்ற இடமெல்லாம் மங்கிக் கிடக்கக் குல்லாய் மட்டும் ஈரமாகப் பளபளத்தது. எண்ணெய் வாடை வேறு. அவள் மூக்கு லேசாகச் சுருங்கியதை ப்ரிங்மன் பார்த்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நூல் வேலையெல்லாம் அப்படியே இருக்கே," என்று டோர்லீஸ் காலண்டரைத் தொடுகிற பழக்கத்தில் விரலை நீட்டிக்கொண்டு வந்தாள். மார்த்லீஸ் சட்டென்று திரும்பி, படத்துக்கும் அந்த விரலுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"தொடாதீங்க அக்கா. தொடக்கூடாதாம் இங்க."

அந்த ஒரு வார்த்தையில் அவள் அவரைக் காப்பாற்றிவிட்டாள். யாரும் எதையும் கவனிக்கவில்லை. ப்ரிங்மனுக்குக் காது மடலெல்லாம் கொதித்தது. தன் பொய்யை மறைக்க அவளைக் காவலுக்கு நிறுத்தியாகிவிட்டது. குளிர்காலம் முழுவதும் உண்மையைச் சொல்லியும் நம்பப்படாதவள், இப்போது இவருடைய பொய்க்குப் பொய் சொல்கிறாள். போன கோடையில் அவளுக்குச் செய்ததைவிட இது கேவலமாக இருந்தது.

ஓலன்டார்ஃப் மார்த்லீஸை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவர்களா, அப்படியே உரித்து வைத்திருக்கிறீர்களே என்று ப்ரிங்மனைப் பாராட்டினார்.

"ஆமாங்க," என்றான் ஹென்னஸ் குஷியாக. "படத்து மேல குத்தமே இல்ல. அச்சகத்துல நிறம் கலந்தவனை வேலையை விட்டே நிறுத்திட்டாங்களாம். நேத்தே நம்ம பாதிரியாருக்குத் தந்தி வந்துடுச்சு. அந்த ஆள் தன் தப்பு இல்லவே இல்லைன்னு கெஞ்சினானாம். கெஞ்சாம என்ன பண்ணுவான்?"

"நல்ல காரியம்," என்றார் ஓலன்டார்ஃப்.

மார்த்லீஸின் முகம் மாறியது. ப்ரிங்மனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, இனி நான் என்ன செய்ய என்று கேட்கிற திகைப்புதான் இருந்தது. இல்லை இல்லை என்று சொல்லி நம்பப்படாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அந்தக் கூடத்தில் அவளுக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையைத் தூக்கவேண்டும் என்ற ஆசையும் அவளுக்குத்தான். உதடு பிரிந்தது.

"அந்த ஆளு..." என்று தொடங்கினாள்.

அவளைச் சொல்லவிடக் கூடாது. இதையாவது அவள் தலையில் ஏற்றக் கூடாது.

"அந்த ஆளு தப்புப் பண்ணல," என்றார் ப்ரிங்மன்.

குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். மார்த்லீஸ் விலகிக்கொண்டாள். குல்லாயின் மேல் துணியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். நேற்றைய பச்சை வழித்துக்கொண்டு வந்தது. அடியில் சிவப்பு, புண்ணைத் திறந்த மாதிரி.

"பச்சை நேத்து நான் பூசினது. செவப்பு போன வருஷம் நான் வெச்சது. இவங்க பச்சைதான் போட்டிருந்தாங்க. இது என்ன செவப்புன்னு அன்னிக்கே கேட்டாங்க. மாத்தறேன்னு சொன்னேன். மாத்தல. அச்சுக்காரன் என் படத்துல இருந்ததை அப்படியே போட்டான்."

டோர்லீஸுக்கே வாய் அடைத்துவிட்டது. ஓலன்டார்ஃப் கைக்குட்டையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுத் தொப்பியைத் தொட்டபடி அடுத்த கூடத்துக்குப் போனார். திங்கட்கிழமை பேச எதுவும் இருக்காது என்று இருவருக்கும் தெரியும்.

யோஸ்ட் ஓரடி முன்னால் வந்தான். அடிக்கப்போகிறான் என்றுதான் ப்ரிங்மன் நினைத்தார். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"ஏன் வெச்சீங்க?" என்றான் யோஸ்ட்.

"படத்துக்கு ஒரு செவப்பு வேண்டியிருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

யோஸ்ட் அதை மென்று பார்ப்பவன்போல் நின்றான். "எங்க தோப்புல செவப்புச் சேவல் ஒண்ணு மேஞ்சுட்டே இருந்துச்சு," என்றான். "அதைப் போட்டிருக்கலாமே."

சேவல் இருந்தது அவருக்கு ஞாபகமே இல்லை. அன்று முழுக்க அந்தத் தோப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு பொத்தானையும் பார்த்தவர் அதைப் பார்க்கவே இல்லை.

ஹென்னஸ் பின்னங்கழுத்தைச் சொறிந்தான். ஆள் அனுப்பியதை நினைத்திருப்பான், மார்த்லீஸின் முகத்தைப் பார்க்காமல் அவள் காலணியைப் பார்த்தே பேசினான்.

"தங்கச்சி, வா போகலாம். ரயிலுக்கு நேரமாச்சு. ஞாயித்துக்கிழமை புள்ளையைத் தூக்க அன்லீஸ் அந்த வெள்ளைத் துணியை வெளுத்து வெச்சிருக்கா. உன் கையிலதான் குடுக்கணும்னு நிக்கறா."

டோர்லீஸ் மூக்கைச் சிந்தினாள். நாலு பேரும் கிளம்பினார்கள். ப்ரிங்மன் அவர்கள் பின்னால் இரண்டடி போய், மார்த்லீஸ், என்று கூப்பிட்டார். மன்னிப்பு என்று ஏதோ சொல்லத்தான். அவள் நின்றாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை.

"அந்த அச்சுக்கார ஆளு?" என்று கேட்டாள்.

"அச்சகம் இதே ஊர்லதான். இன்னிக்கே போய்ச் சொல்லிடறேன்."

"மாத்தறேன்னு சொன்ன மாதிரியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் படத்தை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தாள். பாதிக் குல்லாய் சிவப்பு, பாதி பச்சை, நடுவில் சேறுபோல் இழுபட்ட ஒரு தடம்.

"அதை இனிமே தொடாதீங்க," என்றாள். "செவப்பாவும் ஆக்க வேணாம், பச்சையாவும் ஆக்க வேணாம். அப்படியே தொங்கட்டும்." சொல்லிவிட்டு யோஸ்டின் பின்னால் படியிறங்கிப் போனாள்.

படத்தைக் கழற்றிக்கொண்டு போகவேண்டும் என்றுதான் அவருக்கு உடம்பெல்லாம் துடித்தது. கூடத்துக் கண்காணிப்பாளர் வந்து, கண்காட்சி முடிகிறவரை எந்தப் படத்தையும் இறக்க அனுமதி இல்லை என்றார். வேண்டுமானால் சீக்கிரமாக அந்த இடத்தைச் சரிசெய்துகொள்ளலாம், வண்ணம் கொண்டுவரச் சொல்லட்டுமா என்று உபசாரமாகக் கேட்டார். வேண்டாம் என்று ப்ரிங்மன் தலையசைத்தார்.

கையில் பச்சை அப்பிய கைக்குட்டையோடு வாசலைப் பார்த்து நடந்தார். அச்சகம் மூடுவதற்குள் போய்ச் சேரவேண்டும். அங்கே அந்த வாக்கியத்தை இன்னொரு தடவை சொல்லவேண்டும், இந்தத் தடவை முகம் தெரியாத ஒருவனின் முகத்தைப் பார்த்து. அதற்குள், நாடகக் கம்பெனி என்று கேட்ட அதே சீமாட்டி அவர் வழியை மறித்துக்கொண்டாள். அந்த அழகான படத்தில் குல்லாய் ஏன் அப்படிப் பாழாகிக் கிடக்கிறது, வரைந்தவர் யார் என்று தெரியுமா என்று கேட்டாள்.

"நான்தாம்மா," என்றார் ப்ரிங்மன். நின்று, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.